பதினான்கு கன்றுகளும் என் விவாகரத்தும்

அன்பும் மரியாதையும் நிறைந்த லவோன் அக்காவுக்கு,

உன் தம்பி ஓர்வில் எழுதுவது. இங்கே நான் நலம், மாடுகள் நலம், வடக்கு வேலி மட்டும் நலமில்லை. அரிசோனா வெயிலில் உன் முழங்கால் சற்று சொன்னபடி கேட்கும் என்று நம்புகிறேன். மாவிஸும் நலம். அவளை விவாகரத்து செய்ய, வக்கீல் இல்லாமல், நானே வழக்குப் போட்ட செய்தி உனக்கு எட்டியிருக்கும். மொன்டானாவின் இந்த மூலையில் ஆள் குறைவு, வாய் அதிகம். நீ போனில் மூன்று நாள் அழுததாக மாவிஸ் சொன்னாள். அழாதே அக்கா. நடந்ததைக் கேள்.

எல்லாம் மே மாதம் கன்றுகளுக்குப் பண்ணைக் குறியைச் சூடு போட்ட அன்று ஆரம்பித்தது. நம் குறி உனக்கு மறந்திருக்காது: ஒரு கோடு, அதன் மேல் கவிழ்த்து வைத்த பிறை. அதையே தலைகீழாகப் போட்டால் கோட்டுக்குக் கீழே கிண்ணம், அது பக்கத்துப் பண்ணை லாய்டின் குறி, சட்டப்படி பதிவானது. மாவிஸ் நெருப்பருகே நின்று பழுக்கக் காய்ந்த சூட்டுக்கோலை எடுத்து நீட்டுவாள், நான் வாங்கிக் கன்றின் மேல் வைப்பேன், முப்பத்தொரு வருஷமாக இதுதான் ஏற்பாடு. அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருபது பேர் உதவிக்கு வந்திருக்க, நான் வரிசையாகப் பதினான்கு கன்றுகளுக்குத் தலைகீழாகச் சூடு வைத்தேன். பதினான்காவது எழுந்து ஓடும்போதுதான் லாய்ட் கவனித்தான். "ஏம்ப்பா ஓர்வில், எனக்குப் பரிசு குடுக்கறதுன்னா ஒரு ரிப்பன் கட்டிக் குடுக்கக் கூடாதா?" என்றான். இருபது பேரும் சிரித்தார்கள், சரி. ஆனால் மாவிஸ் சிரித்தாளே, நிற்க முடியாமல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள், பிறகு தொட்டிக்குள்ளேயே உட்கார்ந்தாள். லாய்ட் நல்லவன், கன்றுகளை எழுதித் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டான். ஊர் திருப்பிக் கொடுக்குமா? டீசல் போடப் போனால், "லாய்டோட கன்னுங்க சௌக்கியமா?" தேவாலயத்தில் கைகுலுக்கும்போது, "இப்ப லாய்ட்கிட்ட வேலை பாக்கறியாமே?" ஜூலையில் பாதிரியார் சாப்பிட வந்த அன்று மாவிஸ் முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள், தொட்டி உட்பட. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இதோ பார், நான் உன்னை விவாகரத்து பண்ணப்போறேன்" என்றேன்.

"நீயா? அதுக்கு ஃபாரம் நிரப்பணுமே, ஓர்வில்" என்றாள். பாதிரியாருக்கு இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தாள்.

மறுநாளே கோர்ட்டுக்குப் போனேன். வக்கீலை ஏன் பார்க்கவில்லை என்று கேட்பாய். நம் மாவட்டத்தில் இருப்பது ஒரே வக்கீல், அவர் மாவிஸின் பெரியப்பா பையன். அடுத்தவர் இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கிறார், அதற்குள் என் ரோஷம் ஆறிவிடும். கோர்ட்டு குமாஸ்தா கெர்டாவை உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் உன் பெஞ்சு. பதின்மூன்று ஃபாரங்களை என் முன்னால் அடுக்கினாள். அக்கா, முதல் தடவையாகப் பெரிய மலையைப் பார்த்தவன் மாதிரி தொப்பியைக் கழற்றிவிட்டேன். இரண்டு பேர் பிரிவதற்கு இவ்வளவு காகிதம் வேண்டுமானால், அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது என்ன லேசுப்பட்ட பொருளா?

"இங்க என்ன எழுதணும் கெர்டா?"

"அது சட்ட ஆலோசனை. நான் சொல்லக்கூடாது."

"இங்க?"

"அதுவும் சட்ட ஆலோசனை."

"பேனாவையாவது எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லலாமா?"

"தாராளமா. முதல்ல மூடியைக் கழட்டு."

சொல்ல மாட்டாளே தவிர, அவள் மூக்குக்கண்ணாடி சொல்லும். சரியாக எழுதினால் கண்ணாடி மூக்கிலேயே இருக்கும், தப்பாக எழுதினால் கழற்றித் துடைப்பாள். அன்றைக்கு ஒரு கைக்குட்டையே நைந்துபோயிற்று. 'எதிர்த்தரப்பு' என்ற இடத்தில் நான் லாய்டின் பெயரை எழுதினேன், கண்ணாடி இறங்கியது. 'திருமண நாள்' என்ற இடத்தில் எழுதிய தேதி நம் சிவப்புக் காளையை வாங்கிய தேதி. இரண்டும் ஜூன்தான், யாருக்கும் குழப்பம் வரும். கண்ணாடி மேசைக்கே போய்விட்டது. மூன்றாம் நடையில் மனு ஏற்கப்பட்டது. சொத்துப் பட்டியலை மட்டும் விசாரணைக்கு முன் கொடுத்தால் போதுமாம்.

மனுவை எதிர்த்தரப்புக்கு நானே கொடுக்கக்கூடாதாம், ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிட்டாலும். ஷெரீப்பின் ஆள் வந்து கொடுக்க வேண்டும். வந்தான் அந்தப் பையன், தேவாலயத்து ஞாயிறு வகுப்பில் மாவிஸ் வளர்த்த பிள்ளை, வாசலில் நின்று நெளிந்தான். "டீச்சர், உங்களுக்கு ஒரு... அது வந்து, இவர் அனுப்பினது" என்று பக்கத்தில் நின்ற என்னைக் காட்டினான். "பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள வா கண்ணு" என்றாள். அவன் ஆப்பிள் பை சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் மனுவை முழுக்கப் படித்து, சிவப்புப் பென்சிலால் என் பிழைகளைத் திருத்தி, "கையெழுத்து கொஞ்சம் தேறியிருக்கு" என்றாள். அடுத்த இரண்டு நாளில் ஊர்ப் பெண்கள் சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோல் காசரோல் சமைத்துத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். யார் பக்கம் நிற்பதென்று தெரியாமல் ஆளுக்கு இரண்டு. ஒன்றே வீடு, ஒன்றே குளிர்பெட்டி, பதினெட்டு டியூனா காசரோல்.

சொத்துப் பட்டியலில்தான் நான் விழுந்தேன் அக்கா. எத்தனை ஏக்கர், எத்தனை பசு, குறியின் பதிவுச்சீட்டு எங்கே, எதுவும் எனக்குத் தெரியாது. வேறு வழியில்லாமல் எதிர்த்தரப்பைக் கேட்டேன். அவள் மாடிப்படிக்கு அடியிலிருந்து நான்கு தகரப் பெட்டிகளை இழுத்துவந்து மேசையில் வைத்தாள். கிணறு தோண்டிய சீட்டு, அப்பாவின் பல்செட் ரசீது, நான் தொலைத்ததாக நினைத்த அத்தனையும் தேதிவாரியாக இருந்தன. ஒரு பெட்டி நிறையப் பசுக்கள் கன்று ஈன்ற கணக்கு நோட்டுகள், வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்தொன்று. ஒன்றைத் திறந்தேன். 'மார்ச் 9, பனிப்புயல், 212-ம் பசு, காளைக்கன்று. ஓர்வில் தன் கையுறைகளை எனக்குக் கொடுத்துவிட்டு, தொலைந்துவிட்டதாகச் சொன்னான்.' இன்னொரு பக்கம்: 'ஏப்ரல் 2, இரட்டையில் ஒன்று தங்கவில்லை. ஓர்வில் அழுதான். புகை என்றான். நெருப்பே மூட்டவில்லை.' நான் மாடு வளர்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னைப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறாள். நட்சத்திரங்களை அண்ணாந்து பார்த்தால் ஒரு மாதிரி இருக்குமே, அந்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டேன். "வாயை மூடு, ஈ போகும். ஏக்கர் கணக்கை எழுது" என்றாள். ஆறு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எதிர்த்தரப்பும் நானும் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்தது கல்யாணமான புதிதில்தான். வழக்கை வாபஸ் வாங்கிவிடலாம் என்று ஆறாம் நாளே தோன்றியது. ஆனால் ஊருக்கே சொல்லியாயிற்று, பதினெட்டுக் காசரோலில் பதினொன்றைத் தின்றும் ஆயிற்று, எந்த முகத்தோடு வாங்குவது?

நீதிபதியம்மா நான்கு மாவட்டங்களுக்கு ஒருவர், மாதத்தில் முதல் செவ்வாய் மட்டும் வருவார். அன்று கோர்ட்டில் இடமில்லை, லாய்ட் முன்வரிசையில். அந்தம்மா என் பட்டியலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வக்கீல் யாரும் இல்லாமலா இதைத் தயார் பண்ணீங்க?"

"ஆமாங்கம்மா."

"இருபது வருஷத்துல இவ்வளவு சுத்தமான பட்டியலை நான் பார்த்ததில்ல. ஒண்ணுதான் புரியல. இந்தப் பதினாலு கன்னு யாருது?"

"என்னுதுங்கம்மா!" என்றான் லாய்ட். மேசையைத் தட்டி அமைதி உண்டாக்க அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. பிறகு என்னை வலது கையை உயர்த்தச் சொன்னார். சத்தியம் செய்தேன். "உங்க மணவாழ்க்கை இனிமேல் சரிசெய்யவே முடியாதபடி முறிஞ்சுபோச்சா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா, அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. கெர்டாவைப் பார்த்தேன்; கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு, போடவும் இல்லை, துடைக்கவும் இல்லை. மாவிஸைப் பார்த்தேன். கல்யாணத்தன்று போட்ட நீலத் தொப்பி. சிரிக்கவில்லை. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை.

"அதை அவளைத்தாங்கம்மா கேக்கணும். இந்த மாதிரி விஷயமெல்லாம் அவதான் பாத்துக்குவா" என்றேன்.

நீதிபதியம்மா மாவிஸ் பக்கம் திரும்பினார். மாவிஸ் எழுந்து, "வடக்கு வேலிகூட முறிஞ்சுதான் கிடக்கு. அதையே இன்னும் சரிபண்ணல. இதுக்கு என்ன அவசரம்?" என்றாள். வழக்குத் தள்ளுபடி. கெர்டா கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டினாள்.

ஆகவே அக்கா, வக்கீல் இல்லாமல் விவாகரத்து வழக்குப் போட்டு, வக்கீல் இல்லாமலே அதில் தோற்ற ஆனந்தத்தோடு இதை முடிக்கிறேன். கோபம் போயிற்று, ரோஷம் போயிற்று. உன் முழங்காலைக் கர்த்தர் காப்பாராக. மச்சானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். காசரோல் வேண்டுமானால் ஏழு மிச்சமிருக்கிறது.

உன் தம்பி,
ஓர்வில்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் முன் மாவிஸிடம் காட்டினேன், பிழை திருத்த. படித்துவிட்டு, "பதினாலு தடவையும் நான்தான் கோலைத் தலைகீழா நீட்டினேன். ஒரு தடவையாவது பார்த்து வாங்கறியான்னு பார்த்தேன்" என்கிறாள். மேலே எழுதிய எல்லாம் ரத்து. வரும் திங்கட்கிழமை மறுபடி கோர்ட்டுக்குப் போகிறேன். மிச்சமான வெற்று ஃபாரங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று மாவிஸைக் கேட்டிருக்கிறேன். தேடித் தருகிறேன் என்றிருக்கிறாள்.