அரைஞாணில் கட்டிய பார்க் சாவி

இனிமேல் எங்கள் தெருப் பூங்காவுக்குள் ஒரு மனிதக் கால் படக் கூடாது. தெருச் சங்கத்துக்குச் செயலாளரான அன்றே இந்தச் சபதத்தை எடுத்தேன்.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பூங்கா ரொம்பச் சின்னது. நாலு பெஞ்சு, ஒரு புங்க மரம், கொஞ்சம் புல். அதையும் மிதித்தே தீர்த்துவிடுவார்கள் என்று பெரிய பூட்டாக வாங்கிப் போட்டேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன்.

“பார்க்கு மனுஷங்களுக்குத்தானங்க?” என்றாள் என் மனைவி அமிர்தவல்லி.

“மனுஷங்களாலதான்டி பார்க்கு கெடுது.”

“அப்ப செடிக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?”

“இயற்கை ஊத்தும்.”

அவள் மேற்கொண்டு பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடமாகியும் அவள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

ஆறு மாதத்தில் இயற்கை அள்ளி ஊற்றியது. கம்பிக்கு வெளியே நின்று நான் பூரித்துப் போனேன். செம்பருத்தி என்ன, நந்தியாவட்டை என்ன! முளைக்கீரைகூட வரிசை பிடித்து முளைத்திருந்தது. கீரை தானாக வரிசையில் முளைக்குமா என்று எனக்குத் தோன்றவே இல்லை.

“பூட்டினா எப்படிச் செழிக்குது பாத்தீங்களா?” என்று பக்கத்து வீட்டு விக்டரிடம் கேட்டேன்.

“எல்லாம் உங்க கைராசி சார்,” என்றவர் ஏனோ இருமினார்.

பெருமை தாங்காமல் நகராட்சி அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினேன். ஆறு மாதமாக ஒருவர்கூட நுழையாத ஒரே பூங்கா எங்களுடையது என்று. பரிசு வரும் என்று பார்த்தால் பதில்தான் வந்தது. யாருக்கும் பயன்படாத இடம் என்பதால் அங்கே தண்ணீர் மோட்டார் அறை கட்டலாமாம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அளக்க வருகிறார்களாம்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணுக்குள் வைத்துக் காத்த பூங்காவுக்கு என் கடிதமே எமனாகிவிட்டது. பதிலை யாருக்கும் தெரியாமல் அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தேன்.

இன்னொரு சிக்கல், அந்த மூன்று மணி. புதுச்சேரியில் ஒரு மணிக்குக் கடைகள் ஷட்டரை இறக்கும். நானும் இமையை இறக்குவேன். நாலு வரைக்கும் இடி விழுந்தாலும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அலாரம் வைத்து இரண்டே முக்காலுக்கு எழுந்தேன். அதிகாரி காலில் விழுந்தாவது பூங்காவைக் காப்பாற்ற வேண்டும். இடுப்பைத் தடவினேன். கயிறு இருந்தது. சாவி இல்லை.

வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். கேட் அகலத் திறந்திருந்தது. உள்ளே எங்கள் தெருவே இருந்தது! விக்டர் பெஞ்சுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். இருதயமேரி டீச்சர் கீரைப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். ராஜவேலும் ஹரிகிருஷ்ணனும் சுவர்த் தகராறில் நாலு வருடமாக முகம் பார்க்காதவர்கள். நான் மூன்று தடவை பஞ்சாயத்து பேசித் தோற்ற கேஸ். இரண்டு பேரும் ஒரே ஹோஸ் பைப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகாக இருந்தது.

நடுவில், கையில் சாவியோடு அமிர்தவல்லி.

“எப்படிடி எடுத்த?”

“தினம் ஒண்ணரைக்கு உங்க குறட்டை ஆரம்பிக்கும். எடுத்துடுவேன். நாலுக்கு முன்னாடி கட்டிடுவேன்.”

“அந்தக் கடுதாசி...”

“அரிசி எடுக்கறவ நான்தானங்க? அதான் இன்னிக்கு ஒருத்தரும் விட்டுப்போகாம வரச் சொன்னேன்.”

டேப்போடு வந்த அதிகாரி கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

“ஆளே வர்றதில்லன்னு செயலாளர் எழுதியிருக்காரே?”

“அவருதான் சார் வர்றதில்ல. மத்தவங்க எல்லாரும் வர்றோம்,” என்றாள் அமிர்தவல்லி.

அவர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, செம்பருத்தியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். புதுச் செயலாளராக அமிர்தவல்லியை ராஜவேல் முன்மொழிந்தார். ஹரிகிருஷ்ணன் வழிமொழிந்தார். நானும் கை தூக்கினேன், மனசார.

“அப்ப பார்க்குல எனக்கு ஒரு வேலையும் இல்லையா?” என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

“ஏன் இல்ல? ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் வழக்கம்போலத் தூங்குங்க. இவ்வளவு செழிச்சதே அதனாலதான்.”