வடமேற்கிலிருந்து வரும் நீலக்கோடு

வடக்கு மினசோட்டா,
செப்டம்பர், புதன்கிழமை.

என்றும் என் மரியாதைக்குரிய லவோன் அக்காவுக்கு,

தம்பி ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் டெலோரஸும் உடம்பால் நலம். மனசால் டெலோரஸ் மட்டும் நலம். அரிஸோனாவில் நீங்களும் உங்கள் முழங்காலும் வாசலில் வளர்க்கிற கள்ளிச் செடிகளும் சௌக்கியமாக இருக்கும்படி கர்த்தர் பார்த்துக்கொள்வாராக.

பிரிட்டாவின் கல்யாணத்துக்கு வரும்போது கம்பளிச் சட்டை எடுத்து வருவதா, மெல்லிய உடுப்பே போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அதற்கு ஒரு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அந்த ஒரு வரி எனக்குக் கிடைக்கவில்லை அக்கா. உங்கள் ஊரில் வானிலை சொல்கிறவர் காலையில் வந்து "வெயில்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். இங்கே செப்டம்பர் நீங்கள் விட்டுப்போன அதே செப்டம்பர்தான். நேற்று அரைக்கைச் சட்டையோடு படகில் உட்கார்ந்து மீன் பிடித்த ஆள், இன்றைக்குக் காதை மூடும் தொப்பி போட்டுக்கொண்டு கார் கண்ணாடியில் உறைபனியைச் சுரண்டுகிறான். கனடாப் பக்கமிருந்து குளிர்காற்று அணியணியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சியில் அதை நீலக்கோடாகப் போட்டு, கோட்டுக்குக் கீழே வரிசையாகப் பல் வைத்துக் காட்டுகிறார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கோடைக்காலம், அந்தப் பக்கம் நவம்பர். அது ஒரு ஊரைத் தாண்டிப் போக ஒரு காப்பி குடிக்கிற நேரம் போதும். இப்போது என் கேள்வி எல்லாம், அந்தப் பல் வைத்த கோடு அடுத்த வாரம் சனிக்கிழமை பிற்பகலில், என் மகள் எங்கள் வீட்டு ஏரிக்கரைப் படகுத்துறைமேல் நின்று உறுதிமொழி சொல்லும் நேரத்தில், எங்கே இருக்கும் என்பதுதான்.

மாப்பிள்ளை மிக்கோ நீமி வட்டார வானிலை நிலையத்தில் வேலை பார்க்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். பெண்ணைக் கேட்டு வந்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் கவுண்டி நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவன் நான். வானிலை அறிக்கைதான் எனக்கு மேலதிகாரி. அதைச் சொல்கிற ஆளே வீட்டுக்கு வந்துவிட்டால் இனி என்ன கவலை என்று நினைத்தேன். பழகின பிறகுதான் தெரிந்தது, அந்தப் பையனுக்கு ஆமாம், இல்லை என்று இரண்டு வார்த்தை இருப்பதே தெரியாது. எதைக் கேட்டாலும் சதவீதம். கல்யாண நாள் எப்படி என்று கேட்டேன். "இவ்வளவு முன்னாடி சொல்ல முடியாது மாமா. இப்போதைக்கு முப்பது சதவீதம் மழைன்னு வெச்சுக்கலாம்" என்றான்.

"முப்பதுன்னா நனைவோமா, நனைய மாட்டோமா?"

"இந்த மாதிரி பத்து நாள் வந்தா மூணு நாள்ல மழை பெய்யும்னு அர்த்தம்."

"தம்பி, நாங்க பத்து நாள் கல்யாணம் பண்ணல. ஒரு நாள்தான் பண்றோம்."

அவன் அதற்கும் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்கிறான். கோபப்படக்கூடத் தெரியாத பையன். இவனிடம் எப்படிச் சண்டை போடுவது, நீங்களே சொல்லுங்கள்.

நான் வீணாகப் பயப்படுகிறேன் என்று டெலோரஸ் சொல்கிறாள். வீண் பயம் இல்லை அக்கா. மிக்கோவின் அம்மா ஹில்யாவுக்கு நுரையீரல் சரியில்லை. சக்கர நாற்காலியில், மூக்கில் பிராணவாயுக் குழாய் மாட்டிக்கொண்டுதான் வெளியே வருகிறாள். குளிர்காற்று சட்டென்று பட்டால் இருமல் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது; போன வசந்தத்தில் அப்படி ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளோ, கல்யாணம் ஏரியில்தான், கோயில் அடித்தளக் கூடத்துக்கெல்லாம் நான் வரமாட்டேன், எனக்குத் தண்ணீர் தெரிய வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பிரிட்டாவும் அவள் கட்சி. கூடத்தில் கணப்பு இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, காப்பி போடும் பெரிய பாத்திரம் இருக்கிறது. படகுத்துறையில் என்ன இருக்கிறது, பலகையும் வாத்து எச்சமும்தான்.

அதனால் நான் கொஞ்சம் முன்னெச்சரிக்கையாக இருந்தேன். வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள் மூன்றையும் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னதால் மிக்கோவின் நிலையத்துக்கே தொலைபேசி போட்டேன். மாமனார் என்று தெரிந்தால் நாசூக்காகப் பேசுவான் என்பதால், குரலை மாற்றிக்கொண்டு, வைக்கோல் அறுக்கப்போகிற விவசாயி மாதிரி விசாரித்தேன். அவன் பொறுமையாக எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "மாமா, அத்தைகிட்ட நான் ஞாயித்துக்கிழமை சாப்பிட வரேன்னு சொல்லிடுங்க" என்றான்.

அந்தத் தடவை, மறுநாள் பலத்த காற்றோடு நீலக்கோடு வரும், ஏரியில் அலை எழும்பும் என்று எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள். அலை அடித்தால் படகுத்துறை போய்விடும், அது போய்விட்டால் கல்யாணம் எங்கே நடக்கும் என்று எண்ணி, பக்கத்து வீட்டு வெர்னானைக் கூட்டிக்கொண்டுபோய், வழக்கமாக ஏரி உறைவதற்கு முன் அக்டோபரில் கழற்றுகிற துறையை அன்றைக்கே கழற்றிக் கரையில் அடுக்கிவிட்டேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று செய்த வேலை. மறுநாள் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. ஒரு இலை அசையவில்லை. அந்த நேரம் பார்த்து, பூ அலங்காரம் செய்கிற பெண்ணுக்கு இடத்தைக் காட்டலாம் என்று பிரிட்டா அழைத்து வந்திருக்கிறாள். இருவரும் கரையில் நின்று வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, துறை எங்க?"

"பத்திரமா இருக்கும்மா. பலகை எல்லாம் அங்க அடுக்கியிருக்கு பாரு."

"மாலைய எங்க கட்டறது, மீன் மேலயா?" என்று அந்தப் பூக்காரப் பெண் கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். பிரிட்டா சிரிக்கவில்லை.

மறுபடி இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் துறையைப் பொருத்தினோம். இந்தத் தடவை தண்ணீர் இன்னும் சில்லென்று இருந்தது. வெர்னான், "ஆர்வில், அடுத்த தடவை வானிலை பாத்தா எனக்குச் சொல்லாத" என்று பல் கிடுகிடுக்கச் சொல்லிவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு எங்கள் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

சரி, இனி எச்சரிக்கையை நம்பக்கூடாது என்று பாடம் படித்துக்கொண்டேன். அடுத்த கோடு வந்தபோது, "பலம் இல்லாதது, சத்தமில்லாமல் கடந்துபோகும்" என்று வானொலியில் சொன்னார்கள். மிக்கோவும் அதையே சொன்னான், ஆனால் வால்போல ஒரு இருபது சதவீதத்தை ஒட்டவைத்துச் சொன்னான். அந்த இருபதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீயணைப்புத் தொண்டர்கள் மீன்வறுவல் விருந்துக்குப் போடுகிற பெரிய வெள்ளைக் கூடாரத்தைக் கேட்டு வாங்கி, ஒத்திகைக்காகக் கரையில் நிறுத்திப் பார்த்தேன். நிறுத்தி, கயிறு எல்லாம் இழுத்துக் கட்டி, எவ்வளவு அழகு என்று தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏரியின் அக்கரையில் தண்ணீர் கறுத்தது. அந்தக் கறுப்பு எங்களைப் பார்த்து ஓடிவந்தது. அடுத்த நிமிஷம் கூடாரம் என் தலைக்கு மேலே இருந்தது, அதற்கடுத்து ஏரிக்கு மேலே இருந்தது, பிறகு வெர்னானின் சானா என்கிற நீராவிக் குளியலறைக் கூரைமேல் உட்கார்ந்தது. உள்ளே வெர்னான் இருந்தான். துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, வெள்ளைத் துணியால் உலகமே மூடிக் கிடப்பதைப் பார்த்து, செத்துவிட்டோம் என்று ஒரு கணம் நினைத்ததாக டெலோரஸிடம் சொல்லியிருக்கிறான்.

இதற்கெல்லாம் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. டெலோரஸ் காட்டரிசியும் கோழியும் சேர்த்துச் சுட்டிருந்தாள். மிக்கோ இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். நானும் சாப்பிட்டதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த இருபது சதவீதம் என் தொண்டையில் நின்றது அக்கா. ஒரு கூடாரத்தைப் பற்றியே உறுதியாக ஒரு சொல் சொல்லத் தெரியாதவனிடம் பெண்ணைக் கொடுக்கிறோமே என்று ஒரு கலக்கம். கேட்டுவிட்டேன்.

"மிக்கோ, எம் பொண்ணு உங்கூட சந்தோஷமா இருப்பாளா? அது எத்தன சதவீதம்?"

அவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நிஜமாகவே யோசித்தான். அவனுக்குக் கேலி புரியவில்லை, அல்லது புரிந்தும் மதித்துப் பதில் சொல்ல நினைத்தான். "தெரியல மாமா. அதைக் கணக்குப் போட எங்கிட்ட எதுவும் இல்ல" என்றான்.

பிரிட்டா எழுந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அப்பா, எங் கல்யாணத்துல நீங்க என்னைப் பாக்கணும். மேல பாக்கறதா இருந்தா வராதீங்க" என்று சொல்லிவிட்டு மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மிக்கோ எங்கள் இருவருக்கும் நன்றி சொல்லி, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னால் போனான். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. டெலோரஸ் வானொலியைச் சமையலறையிலிருந்து எடுத்து எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். இந்தக் கடிதத்தைக்கூட வண்டிக் கொட்டகையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இங்கே காரில் ஒரு வானொலி இருக்கிறது.

அக்கா, அதனால்தான் உங்களிடம் ஒரு உதவி. நீங்கள் சொன்னால் பிரிட்டா கேட்பாள். உங்கள் முழங்காலுக்கு ஏரிக்காற்று ஒத்துக்கொள்ளாது, மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், கோயில் கூடத்தில் வைத்தால்தான் உங்களால் வர முடியும் என்று அவளுக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். நான் எழுதச் சொன்னதாகத் தெரியவேண்டாம். பொய் சொல்லச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு முழங்கால் இருக்கிறது, எங்களுக்குக் காற்று இருக்கிறது, நடுவில் ஒரு மருத்துவர்தான் குறைகிறார். ஹில்யாவுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பெண் தன் கல்யாண நாளை எப்படி நினைத்துப் பார்ப்பாள்? அவள் என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. அந்த நாளை நினைத்துச் சிரிக்கிற மாதிரி அவளுக்கு இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அங்கே உள்ள எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும். உங்கள் வீட்டில் நிழலும், எங்கள் வீட்டில் வெயிலும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத தம்பி,
ஆர்வில் ஹாகன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். மேலே எழுதியது எதையும் செய்யவேண்டாம். பிரிட்டாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

இன்று வியாழக்கிழமை. காலைச் சாப்பாடு முடிந்து தபால்பெட்டிக்குக் கிளம்பும்போது மிக்கோவின் வண்டி வந்து நின்றது. ஹில்யா முன்னால் உட்கார்ந்திருந்தாள். பின்னால் பிரிட்டா, வேலைக்குப் போடுகிற நீல உடுப்பில். அவர்களுக்குப் பின்னால் போதகர் தம் காரில், தோட்ட வேலை செய்த முழங்கால் மண்ணோடு இறங்கினார். மிக்கோ என்னிடம் வந்தான்.

"மாமா, காத்து தெக்கேருந்து வீசுது. மத்தியானம் வரைக்கும் கோடு வராது. அம்மாவுக்கு இன்னிக்கு மூச்சு நல்லா இருக்கு. அதான் இன்னிக்கே வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம். அடுத்த வாரம் சனிக்கிழமை விருந்து அப்படியே இருக்கட்டும்."

"எத்தன சதவீதம் தம்பி?"

"கேக்காதீங்க மாமா. வாங்க."

அவன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பிரிட்டா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அதுதான் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு. வெர்னானையும் சாட்சிக்குக் கூப்பிட்டோம். தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை என்று உறுதி வாங்கிக்கொண்டு வந்தான். சக்கர நாற்காலியைத் துறையின் கடைசிப் பலகைவரை தள்ளிப்போனோம். வெயில் முதுகில் சுட்டது. ஏற்றுக்கொள்கிறாயா என்று போதகர் கேட்டதும், அவர் வாக்கியத்தை முடிப்பதற்கு முன்பே மிக்கோ, "ஏத்துக்கறேன்" என்றான். பிரிட்டா சிரித்துவிட்டாள்.

முடிந்ததும் ஹில்யாவை உள்ளே அழைத்துப் போகலாம் என்றால் அவள் அசையவில்லை. "அந்தக் கோடு வர்றதப் பாத்துட்டுத்தான் வருவேன். எம் புள்ள தினமும் அதப் பத்தித்தான் பேசறான், ஒரு தடவகூட நான் நேர்ல பாத்ததில்ல" என்றாள். எங்கள் வீட்டில் இருந்த கம்பளி எல்லாவற்றையும் அவள்மேல் சுற்றினோம். டெலோரஸ் காப்பி கொண்டுவந்தாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் பிந்தி அக்கரை மரங்கள் முதலில் வளைந்தன, பிறகு தண்ணீர் சுருங்கிக் கறுத்து எங்களை நோக்கி வந்தது. ஹில்யாவின் மூக்கில் குளிர்காற்றுப் படாதபடி மிக்கோ தன் உள்ளங்கையை முன்னால் வைத்து மறைத்துக்கொண்டு நின்றான். அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, அம்மாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பிரிட்டா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று எங்கள்மேல் மோதியபோது ஹில்யா ஒருமுறைகூட இருமவில்லை. "இவ்வளவுதானா?" என்று மட்டும் கேட்டாள்.