மானேஜர் தேடிய கம்பவுண்டர்

புதுக்கோட்டைச் சீமையிலேயே, நம்பிக்கை என்ற வஸ்து மனதில் துளிக்கூட இல்லாமல் ஒரு கால்பந்து கிளப்பை ஏழு வருஷம் நடத்திய மனிதர் எங்கள் கம்பவுண்டர் ஒருவர்தான். பெயர் என்று ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் சம்சாரமே, "கம்பவுண்டரு வெளிய போயிருக்காக" என்றுதான் சொல்லுவார். மருந்து பாட்டிலை நீட்டும்போதே, "குடிங்க. ஆனா கேக்கும்னு நான் சொல்லல" என்பார். டாக்டர் உள்ளே தலையில் அடித்துக்கொள்வார்.

கிளப்புக்கு அவர் காரியதரிசி. நான் கோல் கீப்பர். ஆகவே இனிச் சொல்லப்போகிற அவமானங்களில் பெரும் பங்கு என்னுடையது என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

ஆட்டத்தன்று டிஞ்சர் பாட்டிலும் பஞ்சுமாக முதல் ஆளாய் வந்துவிடுவார். எல்லைக்கோட்டருகே மடக்கு நாற்காலியைப் போட்டு, மைதானத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். அரிவாள் வெட்டைக் கண்ணிமைக்காமல் தைக்கிற மனிதருக்கு, பந்து எங்கள் கோல் பக்கம் வருவதைப் பார்க்கத் தெம்பு கிடையாது. கூட்டம் கத்தும். "விட்டுட்டானா?" என்பார். "விட்டுட்டான்ணே" என்பார்கள். "தெரியும்" என்பார். ஏழு வருஷமும் அவர் ஆட்டம் பார்த்த லட்சணம் இவ்வளவுதான்.

அந்த ஏழாவது வருஷம் எங்கள் மானேஜர், ஒரு ரைஸ் மில் முதலாளி, ராஜினாமா செய்துவிட்டார். நாங்கள் ஒன்பது கோல் வாங்கிய மறுநாள் அது. "நெல்லு கொண்டாறவன்லாம் வெலையக் கேக்க மாட்டேங்குறான்யா, எத்தனை கோலுன்னு கேக்குறான்" என்று ஒரு பெரிய கும்பிடு போட்டார். மாதக் கடைசிக்குள் புது மானேஜர் கையெழுத்தோடு கால்பந்துச் சங்கத்துக்கு ஃபாரம் போகாவிட்டால் போட்டியிலிருந்து எங்கள் பெயரை அடித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானமும் வேறு கிளப்புக்குப் போய்விடும்.

"நீங்களே இருங்கண்ணே" என்றோம்.

"நானா? மானேஜருன்னா ஆட்டத்தைப் பாக்கணும்டா. பாத்தா எனக்கு உசுரு போயிரும்."

ஆகவே வெளியில் ஆள் தேடினார். அதற்கு அவர் வைத்த பரீட்சை உலகத்தில் எந்தக் கிளப்பும் வைத்திராதது. பந்தாட்டம் தெரியுமா, செல்வாக்கு உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. ஆளை எங்கள் ஆட்டத்துக்கு அழைத்துவந்து, தனக்கு எதிரே உட்காரவைப்பார். வந்தவர் ஆட்டத்தைப் பார்ப்பார். இவர் அவர் முகத்தைப் பார்ப்பார். கடைசி விசில்வரை முகம் தாங்கினால் ஆள் தேறினார்.

முதலில் திருக்கோகர்ணத்து சுபேதார் வந்தார். பர்மாவரைக்கும் போய்ச் சண்டை போட்டவர்.

"நல்ல பசங்கதாங்க. ஆனா ஜெயிப்பாங்கன்னு மட்டும் நெனச்சுறாதீங்க" என்று கம்பவுண்டர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

மூன்று கோல்வரை சுபேதார் கம்பீரமாகத்தான் இருந்தார். நான்காவதற்கு எழுந்துவிட்டார். "கம்பவுண்டரே, ஜப்பான்காரன் குண்டு போட்டப்பகூட நான் எடத்தைவிட்டு அசைஞ்சதில்ல. இப்பப் போறேன்" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அடுத்தவர் மீமிசலில் மீன் ஏலம் விடுகிறவர். தொண்டை என்றால் அப்படி ஒரு தொண்டை. வந்த பத்தாவது நிமிஷம் தொழில் புத்தி தலைக்கேறி, நாங்கள் கோல் வாங்க வாங்க, "ஒரு தரம்! ரெண்டு தரம்!" என்று கூவ ஆரம்பித்துவிட்டார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கம்பவுண்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

"அங்கிட்டு அவன் கோல் போடுறான். இங்கிட்டு இந்தாளு நம்மள ஏலத்துல விடுறாரேடா!"

மூன்றாவதாக ஆவூர் வாத்தியார். சாந்த சொரூபி. ஐந்து கோலுக்கும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "தேறிட்டாருடா!" என்றார் கம்பவுண்டர். அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்து நாங்கள் கேட்டது அன்றைக்குத்தான். வியாழக்கிழமை வாத்தியாரிடமிருந்து கடுதாசி வந்தது. மன்னிக்க வேண்டுமாம். கண்ணை மூடினால் அந்த மூன்றாவது கோல்தான் தெரிகிறதாம், வகுப்பில் பாடம் ஓடவில்லையாம். மூன்றாவது கோல் என் இரண்டு காலுக்கும் நடுவே மெதுவாக உருண்டு போனது. ஓர் எருமை நின்றிருந்தால்கூடத் தடுத்திருக்கும்.

மாதம் முடிய இரண்டே நாள். மருந்து கொடுக்கிற ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் போய் நின்றோம்.

"மூடிருவோம்டா. எத்தனை நோயாளியப் பாத்திருக்கேன், இது தேறாத கேஸு" என்றார்.

எங்கள் லெஃப்ட் அவுட் ஆட்டக்காரன் அச்சாபீசில் எழுத்துக் கோப்பவன். வாரத்தில் ஆறு நாள் குனிந்த தலை நிமிராதவன். அவன்தான் கேட்டான்:

"அப்ப ஞாயித்துக்கெழம நாங்க எங்கிட்டுண்ணே போறது?"

கம்பவுண்டர் இழுப்பறையிலிருந்து ஃபாரத்தை எடுத்தார். பிறகு மருந்து லேபிள் எழுதிக்கொண்டிருந்த பேனாவாலேயே அதில் மானேஜர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். "நாசமாப் போங்கடா" என்று எங்களை வாழ்த்தினார்.

அடுத்த ஞாயிறு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன் சட்டத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆறு கோல் வாங்கினோம். ஒவ்வொரு கோலுக்கும் நான் பந்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். முகம் வெளிறிப்போயிருந்தது. ஆனால் ஒருதடவைகூட ஆட்டத்தைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, திட்டு வாங்கத் தயாராக நின்றோம். பஞ்சை டிஞ்சரில் நனைத்து என் முழங்கால் சிராய்ப்பில் வைத்தார்.

"ஏன்டா, இம்புட்டு ஓட்டமாடா ஓடுறீங்க? எனக்குத் தெரியாதேடா. இத்தனை வருஷமா எல்லாரும் எங்கிட்ட கோலை மட்டுந்தானேடா சொன்னாங்க..."

ஆறு கோல் விட்டபோது வராத அழுகை எனக்கு அப்போது வந்துவிட்டது. டிஞ்சர் எரிகிறது என்று சொல்லி வைத்தேன்.