துரை குடித்த பெட்ரோல்

கல்யாண நாளன்று துரையைக் கிளப்பி, பின்சீட்டில் மனைவியை ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம் வரைக்கும் ஒரு சவாரி போய் வராவிட்டால் நான் ஆம்பளையே இல்லை! இப்படி ஒரு சபதம் செய்தேன். மனசுக்குள்தான் செய்தேன். வாய்விட்டுச் சபதம் செய்ய எங்கள் வீட்டில் எனக்கு அனுமதி கிடையாது.

துரை என்றதும் யாரோ மனுஷன் என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் பிறந்தது. கல்யாணத்துக்கு முன்பே நான் ஆசைப்பட்டு வாங்கியது. கிளப்புவதற்கு மரியாதையாகக் கேட்க வேண்டும். மழை தூறினால் கோபித்துக்கொள்ளும். நின்ற இடத்திலெல்லாம் எண்ணெய் சொட்டி வைக்கும், துடைப்பது நம் வேலை. அதனால்தான் துரை. மகள் பிறந்ததும் வீட்டுக்கு ஸ்கூட்டர் வந்தது, துரை ஷெட்டுக்குப் போனார். பழைய மெத்தை, ஓடாத மின்விசிறி, மகளின் தொட்டில் எல்லாம் வரிசையாக அவர் மேல் ஏறி உட்கார்ந்தன. மகள் கல்யாணமாகி வேறு ஊருக்கே போய்விட்டாள். துரை மட்டும் அசையவில்லை.

நான் தண்ணீர் வாரியத்தில் கசிவு கண்டுபிடிக்கிறவனாக இருந்தேன். ரோட்டுக்கு அடியில் எந்தக் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று, ஒரு இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவேன். நான் காட்டிய இடத்தில் தோண்டித் தண்ணீர் வராமல் போனதில்லை. அப்படிப்பட்டவனுக்கு ஓய்வு கொடுத்து, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

ஒரு நாள் காலையில் என் மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, அந்த ஷெட்டு எனக்கு வேணும். தையல் மெஷின் போடப் போறேன்."

"அப்போ துரை?"

"பழைய வண்டி வாங்குறவர் ஒருத்தர் விசாரிச்சுட்டுப் போயிருக்கார்."

"என் துரையையா? எவன் அவன்?"

"கத்தாதீங்க. ஓடாத வண்டியை வச்சுக்கிட்டு என்ன பண்றது, தாலாட்டா பாடுறது? கல்யாண நாளைக்குள்ள அது ஓடினா இங்கயே இருக்கட்டும். ஓடலைன்னா அவரை வரச் சொல்லிடுவேன்."

"ஓட வச்சுக் காட்டுறேன் பாரு!"

"முதல்ல நாற்காலியை விட்டு எழுந்திரிங்க. மத்ததை அப்புறம் பார்க்கலாம்."

எழுந்தேன். இடுப்பில் கடக்கென்று ஒரு சத்தம். அதையும் வீரமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

துணைக்கு எதிர்வீட்டுக்காரரைப் பிடித்தேன். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எதைச் சொன்னாலும் "தாராளமா போகலாம்" என்பார். அதனால் தெருவில் அவருக்குப் பச்சைக்கொடி என்று பெயர். சின்ன வயசில் இதே மாதிரி வண்டி ஒன்றை அவரும் ஓட்டியிருக்கிறார்.

"ஓடுமாய்யா?" என்றேன்.

"தாராளமா ஓடும் சார்."

"ஓடினாலும் என் சம்சாரத்துக்குத் தெரியவே கூடாது. கல்யாண நாளன்னைக்கு அவ வாயைப் பிளக்கணும்."

"தாராளமா பிளப்பாங்க சார்."

டாங்குக்குள் இருந்த துருவைச் சுரண்டினோம். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினோம். பிளக் மாற்றினோம், டயர் மாற்றினோம். கழற்றிய திருகுகளைவிட மாட்டிய திருகுகள் குறைவாகத்தான் இருந்தன. மிச்சத்தை ஒரு டப்பாவில் போட்டு, அதெல்லாம் ஆரம்பத்திலேயே அதிகப்படி என்று முடிவு செய்தோம். நாற்காலி ஞாபகமே எனக்கு வரவில்லை. ராத்திரி படுத்தால் தூக்கம் அடித்துப் போட்டது. சாப்பாட்டில் இரண்டாம் தடவை கை நீட்டினேன். அவள் ஒன்றும் கேட்காமல் போட்டுவிட்டுப் போவாள்.

ஒரு நாள் அவள் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லிக் கிளம்பினாள். அன்றைக்குத் துரையை ஸ்டாண்டில் நிறுத்தி, கிக்கரை மெல்ல அழுத்தி, கெஞ்சி, உதைத்தேன். இருமினார். மறுபடி உதைத்தேன். துப்பினார். மூன்றாவது உதைக்கு ஷெட்டே அதிர்ந்தது. டப் டப் டப் என்று அந்தப் பழைய குரல் அப்படியே வந்தது! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"புகையா சார்?" என்றார் பச்சைக்கொடி.

"புகைதான்யா" என்றேன். புகை இல்லை. சந்தோஷம். உங்களிடம் சொல்வதற்கு என்ன?

ஆனாலும் வண்டியை ஷெட்டுக்கு வெளியே எடுக்கவில்லை. முதல் சவாரி அவளோடுதான் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். அன்று சாயங்காலம் அவள் கேட்டாள்:

"என்ன, உங்க துரை எழுந்தாரா?"

"எங்க! கும்பகர்ணத் தூக்கம். பல்லு எப்படி இருக்கு?"

"பல்லுக்கென்ன, இருக்கு."

அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது. டாங்கை நிரப்பி வைத்தால் மறுநாள் பெட்ரோல் குறைந்திருந்தது. ஓடாமல், உருளாமல், நின்ற இடத்திலேயே குடிக்கிறார் துரை! எங்கேயோ கசிவு. கசிவு என்றால் எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்கள். இரவு வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்தேன். காலையில் எண்ணெய்ச் சொட்டு இருந்ததே தவிர பெட்ரோல் இல்லை. குழாயை மாற்றினேன். கார்புரேட்டரை மறுபடி பிரித்தேன். கடைசியில் என் பழைய கம்பியை எடுத்து வந்து, டாங்கில் ஊன்றி, காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னங்க, துரைக்கு நாடி பார்க்கிறீங்களா?"

வாசலில் மனைவி! "உடம்பு சரியில்லை" என்று உளறிவைத்தேன்.

"அவருக்கா, உங்களுக்கா? எழுந்து நடக்கப் போங்க. டாக்டர் சொன்னதை மறந்துட்டீங்களா? நேத்து பூங்காவை ஒரு சுத்து சுத்திட்டு ஓடி வந்துட்டீங்க. இன்னைக்கு நல்லா ஆற அமர ரெண்டு சுத்து போய்ட்டு வாங்க."

என் உடம்பின் மேல் அவளுக்கு அப்படி ஓர் அக்கறை. தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் கையில் கொடுத்து, தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்று பார்ப்பாள். நான் திரும்பிக் கையசைப்பேன். அவளும் அசைப்பாள். இந்த வயசிலும் இப்படி ஒரு பாசமா என்று நெஞ்சு நிறைந்துவிடும். திரும்பி வந்து டாங்கைத் திறந்தால் பெட்ரோல் இன்னும் குறைந்திருக்கும். எஞ்சினைத் தொட்டால் சுடும்.

"ஏன்யா இது சுடுது?"

பச்சைக்கொடி கூரையைப் பார்த்தார். "தகரக் கூரை சார். வெயில் நேரா இறங்குது."

"மேகமா இருக்கே!"

"நேத்து வெயில் சார். இன்னும் ஆறல."

தலையாட்டினேன். நம்புவது எனக்கு எப்போதுமே சுலபம்.

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளை மாதிரி சட்டையை உள்ளே விட்டுக்கொண்டேன். துரையைத் துடைத்து, வாசலில் நிறுத்தி, மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வருவதற்குள் ஒரே உதை! தெரு முழுக்க டப் டப் டப்!

வாயைப் பிளப்பாள் என்று பார்த்தேன். பிளக்கவில்லை. "அடடே, எழுந்துட்டாரா?" என்றாள். அவ்வளவுதான். சந்தோஷத்தில் வார்த்தை வரவில்லை போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"உட்காரு. ஆத்துப் பாலம் வரைக்கும் போறோம். துரை இனிமே நம்ம வீட்டுலதான்."

ஏறி உட்கார்ந்தாள். தோளில் கை வைத்தாள். கிளம்பினேன். எதிர்வீட்டு வேலிக்குப் பக்கத்தில் பச்சைக்கொடி நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டுவதற்குள் ஒரு பூனை குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். ஸ்கூட்டரில் இத்தனை வருஷமாக மிதித்துப் பழகிய அதே வலது கால். இங்கிலாந்து வண்டியில் வலது காலுக்குக் கீழே இருப்பது கியர்! பிரேக் இடது பக்கம். வண்டி நிற்கவில்லை. "போகலாம்" என்ற மாதிரி பாய்ந்தது. பூனை தப்பித்தது, பச்சைக்கொடியும் தப்பித்தார், நாங்கள் அவர் வேலிக்குள் புகுந்து நின்றோம். அடி ஒன்றும் இல்லை. என் வாய் முழுக்க இலை.

பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது:

"வலது காலு கியரு, இடது காலு பிரேக்கு! பாடம் மாதிரி தினமும் சொன்னாரே அண்ணன்!"

இலையைத் துப்பினேன். "யாருக்குச் சொன்னார்?"

பச்சைக்கொடி வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஏன்யா, அவளுக்கும் தாராளமா போகலாம்னு சொல்லிட்டியா?"

"கேட்டாங்க சார்... நான் யாருக்கும் சிவப்பு காட்டினது இல்ல."

"அப்போ அந்தப் பெட்ரோல்?"

"தினமும் பாலம் வரைக்கும் போய்ட்டு வந்தா குறையாதா?" என்றாள் அவள். "நீங்க பூங்காவைச் சுத்துற நேரத்துல!"

"லைசென்ஸ்?"

கைப்பையைத் திறந்து காட்டினாள். போட்டோவில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பல் டாக்டர்னு சொல்லிட்டுப் போனியே?"

"அதான் லைசென்ஸ் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிட்டு வந்தேனே. வீட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடியே தெருமுனையிலேயே உங்க டப் டப் கேட்டுச்சு. நீங்க கும்பகர்ணன்னீங்க, நானும் சரின்னுட்டேன்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்போ தையல் மெஷின்? வண்டி வாங்குறவர்?"

"அப்படி ஒருத்தர் இருந்தாத்தானே!" அவள் குரல் இறங்கிவிட்டது. "சுவத்தைப் பார்த்துக்கிட்டு நாள் பூரா உட்கார்ந்திருந்தீங்க. கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்கல. எனக்குப் பயமா இருந்துச்சுங்க. துரையைத் தூக்கிடுவேன்னு சொன்னாத்தான் எழுந்திருப்பீங்கன்னு தெரியும். எழுந்தீங்க."

அவள் தலையில் ஒட்டியிருந்த இலையை எடுத்துவிட்டேன்.

"நீ எதுக்கு ஓட்டக் கத்துக்கிட்டே?"

"புதுசுல என்னைப் பின்னாடி வச்சு எங்கெங்கயோ கூட்டிட்டுப் போனீங்க. நான் பார்த்தது பூரா உங்க சட்டை முதுகைத்தான். அந்தப் பாலத்தையே இப்பத்தான் பார்க்கிறேன், எவ்வளவு அழகா இருக்கு தெரியுமா? உங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்னு தோணுச்சு. நகருங்க."

நகர்ந்தேன். பச்சைக்கொடி வேலியிலிருந்து துரையை இழுத்து நிறுத்தினார். அவள் புடவையைச் செருகிக்கொண்டு உதைத்தாள். ஒரே உதை. நான் கெஞ்சினாலும் மசியாத துரை அவளுக்கு உடனே பேசினார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் முதுகுக்கு மேல் எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே அழகான ரோடு. பாலத்தில் நிறுத்தினாள். இருவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இப்படி ஒரு கல்யாண நாள் எனக்கு வாய்த்ததே இல்லை. அதை அவளிடமே சொன்னேன். "தெரியும்" என்றாள்.

திரும்பி வந்தபோது பச்சைக்கொடி இன்னும் வாசலிலேயே காத்திருந்தார். நான் தலையை நிமிர்த்தி, சட்டையைச் சரி செய்து, கம்பீரமாக இறங்கினேன்.

"வண்டி எப்படிம்மா போகுது?" என்று அவளிடம் கேட்டார்.

"வண்டி தங்கமா போகுதுண்ணே. பின்னாடி ஏத்துன மூட்டைதான் திருப்பத்துல சாய மாட்டேங்குது."