கடலை மிட்டாய் கொடுத்து அமுக்கிய புகார்கள்

"எப்படி இருக்கு?" என்று யார் கேட்டாலும் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுவது எனக்குள்ள வியாதி. ஒருமுறை தில்லி மயூர் விஹாரில் நான் முடி வெட்டிக்கொள்ளும் கடையில் மீசையின் இடது பக்கத்தைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துவிட்டார்கள். கண்ணாடியைக் காட்டி, "டீக் ஹே, பாய் சாப்?" என்று, சரியா இருக்கா எனக் கேட்டார் கடைக்காரர். "பஹுத் அச்சா", ரொம்ப நல்லா இருக்கு என்றேன். வீட்டுக்கு வந்து வலது பக்கத்தை நானே வெட்டினேன். அது கூடிப்போனது. மறுபடி இடது பக்கம். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மீசையே இல்லாமல் கோயிலுக்குப் போனேன். (போதகர் என்னைப் புதிதாக வந்த ஆள் என்று நினைத்து, சபை முன்னால் எழுந்து நிற்கச் சொல்லி வரவேற்றார். எழுந்து நின்றேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.)

மீசை ஒரு மாதத்தில் முளைத்துவிட்டது. இதே வியாதியால் என் அண்ணன் மகள் பிரிஸில்லாவுக்கு நான் செய்த காரியம் அப்படிச் சரியாகிற சமாச்சாரம் இல்லை.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது ஒன்பதாம் வகுப்பு வரை. கணக்கு ஏழாம் வகுப்பிலேயே புரியாமல் போய்விட்டது. கையைத் தூக்கி "புரியல சார்" என்று கேட்கப் பயம். அதனால் புரிந்த மாதிரியே தலையாட்டிக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன். மூன்றாவது வருஷம் ஓடவில்லை. அப்புறம் ரயிலேறி தில்லி வந்து, ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர் மளிகைச் சாமான் விற்கும் கடையில் சேர்ந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கவலைப்படுவதில் எனக்கு யாரும் ஈடில்லை. காஸை மூடினேனா என்று பார்க்க மெட்ரோவில் பாதி தூரம் போய்த் திரும்பி வந்தவன். திரும்பி வந்து மூடியதைப் பார்த்துவிட்டுப் போகும்போது, கதவைப் பூட்டினேனா என்று மறுபடி திரும்பியவன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் குறையும் முதலாளி காதுக்குப் போகக் கூடாது. ரவையில் வண்டு என்று யாராவது கொண்டுவந்தால், அவர் வாயைத் திறக்குமுன் வேறு பாக்கெட் கையில் இருக்க வேண்டும். அப்பளம் நொறுங்கிப்போச்சா? இந்தாங்க வேற. கூடவே ஒரு கடலை மிட்டாய், "பிள்ளைக்குக் குடுங்க" என்று. கோபமாக வந்தவர் சிரித்துக்கொண்டு போவார். முதலாளி உள்ளே நிம்மதியாக உட்கார்ந்திருப்பார். இதில் நான் கெட்டிக்காரன் என்று கடையில் எனக்குப் பெயர்.

பிரிஸில்லா தூத்துக்குடியில் வளர்ந்தவள். குருகிராமில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தாள், துவாரகாவில் தோழிகளோடு தங்கியிருந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வந்து, "சித்தப்பா, வேலைய விட்டுட்டேன்" என்றாள். சிறு பிள்ளைகள் தமிழிலேயே கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிப் பழக ஒன்று செய்கிறாளாம். லேப்டாப்பைத் திறந்து காட்டினாள். இடது பக்கம் 'பத்து அடி போ', 'வலது பக்கம் திரும்பு' என்று வரி வரியாக அடித்தால், வலது பக்கத்தில் ஒவ்வொரு வரியும் கலர் கட்டையாக வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்காரும். கீழே ஒரு பச்சை மஞ்சள் ஆட்டோ அதன்படியே ஓடும்.

"எப்படி இருக்கு சித்தப்பா?"

"நல்லா இருக்கு" என்றேன். (எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. எனக்கு ஆட்டோவைத் தவிர எதுவும் தெரியவில்லை.)

"இத நம்ம கோயில் ஹால்ல, ஞாயித்துக்கிழமை தமிழ் கிளாஸ் பிள்ளைங்க கிட்ட குடுத்துப் பாக்கணும். நீங்கதான் கூட இருக்கணும்."

"நானா? எனக்கு கம்ப்யூட்டர் தெரியாதேம்மா."

"அதுக்குத்தான் நீங்க. தெரிஞ்சவன் தானா சமாளிச்சுக்கிடுவான், எனக்குக் குறை தெரியாது. நான் பக்கத்துல இருந்தாலும் பிள்ளைங்க என்னையே கேட்டுக் கேட்டுச் செய்யும். நீங்க சும்மா பாருங்க. என்ன தப்பு வந்தாலும், பிள்ளைங்க என்ன சொன்னாலும், அப்படியே எனக்குச் சொல்லுங்க. அது போதும்."

எனக்குத் தெரியாது என்பதற்காகவே என்னை ஒருவர் ஒரு வேலைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடுதான் போய்க் கெடுத்தேன்.

முதல் ஞாயிறு. ஆறு பழைய லேப்டாப், பதினோரு பிள்ளைகள். அதில் ரேச்சல் என்று ஒரு பெண், பத்து வயசு. தில்லியிலேயே பிறந்தவள், பாதி ஹிந்தியில்தான் பேசுவாள். அரை மணி நேரத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், மேரா ஆட்டோ போயிடுச்சு."

"எங்கம்மா போச்சு?"

"பதா நஹீ. கட்டை எல்லாம் காயப். நான் குச் நஹீ பண்ணினேன், காலியா ஒரு லைன் விட்டேன், அவ்ளோதான்."

கட்டையெல்லாம் காணோம், தான் ஒன்றும் பண்ணவில்லை என்கிறாள். போய்ப் பார்த்தேன். உண்மைதான். இரண்டு தடவை என்டர் தட்டி நடுவில் ஒரு வெற்று வரி விட்டால், அதற்குக் கீழே எழுதினதெல்லாம் காணாமல் போய்விடுகிறது. முதல் நினைப்பு, காலையில் கடைக்குப் போய்விட்டு வந்த பெருங்காயக் கையோடு நான் தொட்டதால்தான் கெட்டுப்போச்சோ என்பது. இரண்டாவது நினைப்பு, இதற்காக வேலையையே விட்டுவிட்டு வந்த பிள்ளையிடம் முதல் நாளே போய் எப்படிச் சொல்வது என்பது. மூன்றாவதாக நான் நினைக்கவே இல்லை. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது.

"இனிமே காலி வரி விடாத, என்ன? இந்தா, கடலை மிட்டாய்."

ரேச்சல் சிரித்துக்கொண்டு போனாள். என்னைப் பொறுத்தவரை விஷயம் கவுன்ட்டரிலேயே முடிந்தது.

சாயந்திரம் பிரிஸில்லா போன் செய்தாள். "என்ன சித்தப்பா, என்ன குறை?"

"ஒரு குறையும் இல்லம்மா. பிள்ளைங்க ரொம்பச் சந்தோஷமா இருக்கு."

"அப்படியா!" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டபின் அடுத்த வாரம் எப்படி உண்மையைச் சொல்வேன்? அதற்கு அடுத்த வாரம் இன்னும் கஷ்டம், ஏனென்றால் போன வாரமே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே.

இப்படியே நான்கு மாசம். ஆட்டோவுக்கு நீளமாகப் பெயர் வைத்தால் திரை அப்படியே நின்றுவிடும். சின்னப் பெயர் வை, இந்தா மிட்டாய். ஆட்டோ சுவரில் முட்டினால் பின்னால் வராது. மூடிவிட்டுத் திற, இந்தா மிட்டாய். பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். சிலர் மிட்டாய்க்காகவே புதுப்புதுத் தப்புகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். இதற்கென்றே கம்பெனிகளில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்களாம். அதே வேலையைச் செய்த பிள்ளைகளை நான் மிட்டாயால் வாயை அடைத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் செய்தேன். மறைக்கிறோமே என்ற பயத்தில், பிள்ளைகள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே, கிழித்துப்போட்ட காலண்டர் தாள்களின் பின்னால், புகாருக்கு ஒரு தாளாகத் தேதி போட்டு எழுதி, வீட்டில் கரண்ட் பில் குத்திவைக்கும் கம்பியில் குத்தி வைத்தேன். யாருக்காக எழுதினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் மனைவி எஸ்தர் நர்ஸ். ஒரு நாள் கம்பியில் பில்லைத் தேடப்போய்த் தாள்களைப் பார்த்துவிட்டாள்.

"என்னதுங்க இது, 'ஆட்டோ போயிடுச்சு அங்கிள்'?"

சொன்னேன்.

"அந்தப் பிள்ளைட்ட சொல்லலியா நீங்க? எங்க வார்டுல காய்ச்சல் அரை டிகிரி ஏறினாலும் சார்ட்ல எழுதி டாக்டர்ட்ட காட்டணும். மனசு கஷ்டப்படுவாருன்னு மறைச்சா பேஷன்ட் என்ன ஆவான்?"

"இது பேஷன்ட் இல்ல எஸ்தர். ஆட்டோ."

"சொல்லிருங்க."

"அடுத்த வாரம் சொல்லுதேன்."

அடுத்த வாரம்தான் ஒரு அறக்கட்டளையிலிருந்து மேடம் ஒருவர் வந்தார். ஏழைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு சாயந்திர வகுப்பு நடத்துகிறவர்கள். பிரிஸில்லாவின் ஆட்டோவை அவர்களுடைய வகுப்புகளில் எல்லாம் வைக்கலாமா என்று பார்த்து முடிவு சொல்ல வந்திருந்தார். அது நடந்தால் அவள் இதையே தொடரலாம். நடக்காவிட்டால் பழையபடி வேலைக்குப் போயாக வேண்டும், கையிருப்பு அவ்வளவுதான் என்று அண்ணன் போனில் சொல்லியிருந்தார். அன்று பிரிஸில்லா புதுப் புடவை கட்டியிருந்தாள். "நாலு மாசமா பிள்ளைங்க பயன்படுத்துதாங்க மேம். பெரிய குறை எதுவும் வரல" என்றாள். என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் அடித்துக் காட்டினார்கள். ஆட்டோ ஜோராக ஓடியது. எப்படி ஓடாமல் இருக்கும்? எங்கே குழி இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் மனப்பாடம். மேடத்துக்குத் திருப்தி. "நானும் ஒண்ணு எழுதிப் பாக்கட்டுமா?" என்று உட்கார்ந்தார்.

அழகாக எழுதுகிறவர். நான்கு வரி. அப்புறம் ஒரு காலி வரி. அடுத்த நான்கு வரி. மறுபடி ஒரு காலி வரி.

கட்டைகள் எல்லாம் போயின.

"இது... இதுவரைக்கும் வந்ததே இல்ல மேம்" என்றாள் பிரிஸில்லா. முகம் வெளுத்துவிட்டது.

"வந்துச்சே பிரிஸில்லா தீதி" என்றாள் ரேச்சல். நல்ல மனசோடு மேடத்துக்கு உதவ வந்தாள் பாவம். "மேம், காலி லைன் விடக் கூடாது. அங்கிள் ரூல்."

"அங்கிள் ரூலா?"

அவ்வளவுதான். பதினோரு பிள்ளைகளும் சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனம் சொல்கிற ராகத்திலேயே ஆரம்பித்தார்கள். "ரெண்டு என்டர் அடிக்கக் கூடாது! பேரு பெருசா வைக்கக் கூடாது! முட்டினா மூடித் திறக்கணும்!" பதினான்கு விதி. எனக்கே மறந்துபோனதெல்லாம் அவர்களுக்கு ஞாபகம் இருந்தது.

"இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?" என்றார் மேடம்.

பதினோரு விரல் என்னைக் காட்டின.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் மெட்ரோவில் நின்றுகொண்டிருக்கும்போதே கண்ணை இறுக மூடிக்கொள்கிறேன். என் கை, இருபது வருஷப் பழக்கம், சட்டைப் பைக்குள் போய் வெளியே வந்தது.

"எடுத்துக்கங்க மேடம். கோவில்பட்டி."

மேடம் மிட்டாயை வாங்கிக்கொண்டார். (மரியாதை தெரிந்தவர்.) பிரிஸில்லாவிடம் மெதுவாகத்தான் சொன்னார்: "நல்ல யோசனைம்மா உன்னோடது. ஆனா எங்க சென்டர்ல பக்கத்துல உக்காந்து இதச் செய்யாத, அதச் செய்யாதன்னு சொல்ல ஒரு அங்கிள் கிடையாதே. இப்போதைக்கு முடியாது."

பிரிஸில்லா என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் கம்பியைக் கழற்றி, தாள்களோடு அவள் முன்னால் வைத்தேன். முப்பத்தேழு தாள். ஒவ்வொன்றாக உருவிப் படித்தாள். தேதி இருந்தது. எந்தப் பிள்ளை, அதற்கு முன்னால் என்ன செய்தது, என்ன ஆச்சு, எல்லாம் இருந்தது. ஓரத்தில் 'மிட்டாய் குடுத்தேன்' என்றும் இருந்தது. ஓரிடத்தில் அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

"கம்பெனியிலகூட எனக்கு இவ்வளவு தெளிவா யாரும் எழுதித் தந்ததில்ல சித்தப்பா. பாதிக்கு மேல ஒரு நாள் வேலைதான். காலி வரி பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம்! நான் நான்கு மாசம் காவல் காத்தது பத்து நிமிஷ வேலையை.

"நீ கஷ்டப்படுவியேன்னுதாம்மா..."

அவள் தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "என்னைய உங்க முதலாளின்னா நினைச்சீங்க?"

திட்டியிருந்தால் ஆறியிருக்கும். எஸ்தர் திட்டினாள், அது அன்றைக்கே ஆறிவிட்டது. இந்தக் கேள்வி ஆறவில்லை.

அடுத்த மாசம் அவள் வேலைக்குப் போய்விட்டாள். முப்பத்தேழையும் சனி, ஞாயிறுகளில் உட்கார்ந்து சரிசெய்தாள். எல்லாம் சரியாகி அந்த மேடத்துக்கு எழுதியபோது, அவர்கள் வேறொன்றை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது. நான் முதல் ஞாயிறே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. கணக்கு எனக்கு என்றைக்கும் வந்ததில்லை, இது மட்டும் நன்றாக வருகிறது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் ஹாலில் அந்த ஆட்டோ ஓடுகிறது. திரையின் மூலையில் இப்போது ஒரு கடலை மிட்டாய்ப் படம் இருக்கிறது. அதை அழுத்தினால், 'மிட்டாய் கிடையாது. என்ன ஆச்சுன்னு சொல்லுங்க' என்று வருகிறது. பிள்ளைகள் சொல்வது நேராக பிரிஸில்லாவுக்குப் போய்விடும், எனக்கு ஒரு நகல் மட்டும். நடுவில் நிறுத்த வழியே வைக்கவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கும் குழம்பில் உப்பு கூடி, நான் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டால், எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "மிட்டாயா, நிஜமா?" என்று கேட்பாள்.

போன மாசம் ஹாலில் யாரும் பார்க்காத நேரத்தில் நானே அந்த மிட்டாயை அழுத்தினேன். 'எழுத்து ரொம்பச் சின்னது. முதல் நாளிலிருந்தே எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று அடித்து அனுப்பினேன்.

இரண்டு நிமிஷத்தில் போன் வந்தது. பிரிஸில்லா.

"மூணு வருஷமா சித்தப்பா?"

"ஆமாம்மா."

அப்புறம் சிரிக்கிறாளா என்ன என்று தெரியாத ஒரு குரலில் சொன்னாள்: "முப்பத்தெட்டு."