கழித்துவிட்ட ஆறு கோழிகளும் என் அசையாத முடிவும்

கிளாத்தென்,
ஞாயிறு காலை

அன்புத் தங்கை ரத்மிக்கு,

அண்ணன் விர்யோனோ எழுதுவது. ஆண்டவன் கருணையால் நானும் உன் அண்ணி லஸ்மினியும் நலம். என் வலது முழங்கால் மட்டும் நலமில்லை. காரணம் கீழே வருகிறது. வீட்டுக்காரர் காலமான பிறகு வீடு வாயடைத்துக் கிடக்கிறது, கோழி வளர்க்கலாமென்றிருக்கிறேன், குஞ்சு வாங்கவா, வளர்ந்த கோழியாகவே எடுத்துக்கொள்ளவா என்று கேட்டிருந்தாய். சரியான ஆளிடம்தான் கேட்டாய். முப்பத்தோரு வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவன் முடிவெடுக்கத் தயங்கமாட்டான். வளர்ந்த கோழிதான்!

குஞ்சென்றால் விளக்குச் சூடு வேண்டும், எலிக்குக் காவல் வேண்டும், ஐந்து மாதம் சோறு போட்ட பிறகு பாதி சேவலாக நின்று கூவும். இதையெல்லாம் சொல்லியும் உன் அண்ணி குஞ்சுதான் வேண்டுமென்றாள். நான் கேட்கவில்லை. முட்டைப் பண்ணையில் வயதாகிவிட்டதென்று கழித்த ஆறு கோழிகளை, சூப்புச் சட்டிக்குப் போகுமுன் கேட்டு வாங்கி வந்தேன். கழுத்தில் இறகில்லை. பிறந்ததிலிருந்து கூண்டிலேயே இருந்தவை. முற்றத்தில் இறக்கிவிட்டதும், புல்லைப் பார்த்துப் பயந்து, இறக்கிய இடத்திலேயே நின்றன. பக்கத்து வீட்டு மர்ட்டோ வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னண்ணே, ரிட்டையரான கோழிக்கு ரிட்டையரான ஸ்டேஷன் மாஸ்டரா? பொருத்தம் பிரமாதம்!" என்றான். அன்று பிடித்த மழையில் அவை ஒதுங்கவும் தெரியாமல் நனைந்தபடி நிற்க, குடையோடு ஓடிய நான் வழுக்கி, வேலியையும் சாய்த்துக்கொண்டு மர்ட்டோவின் மீன்குளத்தில் விழுந்தேன். முழங்கால் போனது அப்போதுதான். போன வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அவசரமாகக் கிளம்பியவன், நாற்காலியில் மல்லாந்து கிடந்த குல்லாவை எடுத்து அப்படியே தலையில் கவிழ்த்தேன். உள்ளே முட்டை இருந்தது. அதற்கும் நான் கோபப்படவில்லை. இன்னும் முட்டை போடும் கோழி என்று உன் அண்ணியிடம் நான் சொன்னது உண்மையாயிற்றல்லவா?

நேற்று எல்லாவற்றிலும் மொட்டையான கோழி மண்ணில் பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு சிறகை விரித்து, கண்ணை மூடிக் கிடந்தது. நொண்டிக்கொண்டே ஓடினேன்.

"லஸ்மினி, இங்க வா! போயிடுச்சு!"

அவள் வந்து குனிந்து பார்த்தாள். "கத்தாதீங்க. அது ஒண்ணும் சாகல. வெயில் காயுது."

வாழ்க்கையில் அது காய்ந்த முதல் வெயில், ரத்மி. அது எழுந்திருக்கும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அடுப்பில் சோறு தீய்ந்தது. இதற்கு மேல் அத்தாட்சி எதற்கு? வளர்ந்த கோழியையே எடு.

உனக்கு வேளைக்குப் பசியும் படுத்ததும் தூக்கமும் ஆண்டவன் தரட்டும். அண்ணியின் அன்பு.

இப்படிக்கு,
அண்ணன் விர்யோனோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் உன் அண்ணி சந்தையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தாள். "உங்க முடிவு உங்களோட இருக்கட்டும். நான் எட்டுக் குஞ்சு வாங்கிட்டேன்" என்றாள். மேலே நான் எழுதிய காரணங்களில் ஒன்றுகூடத் தவறில்லை. ஆனாலும் நீ குஞ்சே வாங்கு. ஒன்று என் சட்டைக் கைக்குள் ஏறித் தூங்கிவிட்டது. இதை இடது கையால் எழுதுகிறேன். அது விழித்ததும் தபாலில் சேர்க்கிறேன்.