கேம் பெட்டிக்காக வந்த ஏழு பெரிய மனிதர்கள்

வியாழக்கிழமை மூன்றே காலுக்கு எங்கள் அப்பா ஒரு சட்டம் போட்டார்: இன்று முதல் இந்த வீட்டில் கேம் கிடையாது. மூன்று இருபதுக்கு கேம் பெட்டி கார் டிக்கிக்குள் போனது. மூன்று இருபத்தைந்துக்கு அப்பா தூங்கிப் போனார். ஸல்ட் நகரத்துத் தண்ணீர் அலுவலகத்தில் இருபது வருஷமாகக் குழாய் திறந்து மூடுகிறவர் அவர். அவருக்குத் தெரிந்த முடிவுகள் இரண்டே. முழுக்கத் திறப்பு, இல்லையென்றால் முழுக்க மூடல்.

எல்லாம் என் தம்பி நாயிஃபால் வந்தது. வயது ஒன்பது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தனோடு கூட்டுச் சேர்ந்து ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தான். அந்த ஒருத்தனின் பெயர் பாலைவன ஓநாய். ஓநாய் நைசாகக் கேட்கக் கேட்க, இவன் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். ரொட்டிக் கடைக்கு மேலே போகிற படிக்கட்டு. நாற்பத்தோராவது படி. பச்சைக் கதவு. அப்பா மூன்றரைக்குப் படுத்தால் ஐந்தரை வரை இடி விழுந்தாலும் அசைய மாட்டார். சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

மடித்த துணியோடு உள்ளே வந்த அம்மா, துணியைக் கீழே போட்டுவிட்டு பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு கேம் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மூலையில் கொட்டை எழுத்தில் பதினெட்டு. வாங்கிக் கொடுத்தவர் அப்பாதான். பதினெட்டு என்றால் பதினெட்டுக் கட்டம் இருக்கும், பையனுக்குக் கோடை விடுமுறை முழுக்கத் தாங்கும் என்று நினைத்ததாக வாக்குமூலம் கொடுத்தார்.

அம்மா கேட்டது அதிகமில்லை. இந்த கேமைக் கொடுத்துவிட்டு அவன் வயதுக்கு ஏற்றதாக ஒன்று வாங்க வேண்டும். பெட்டி கூடத்துக்கு வர வேண்டும். தினமும் ஏழிலிருந்து எட்டு வரை அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோடு ஆடுகிறான், என்ன பேசுகிறான் என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் தலையாட்டிய அப்பா, மூன்றாவதில் விறைத்துப் போனார். ஏழு மணி என்பது சீட்டாட்ட மணி. காப்பிக் கடையின் மூலை மேசையில் பதினொரு வருஷமாக அதே நாலு பேர்.

"நான் போய் அவன்கூட விளையாடணுமா? நான் என்ன சின்னப் பையனா?"

"அவன் சின்னப் பையன். அதுக்குத்தான் சொல்றேன்."

"மூணு பேர் காத்துட்டிருப்பாங்க, இன்ஸாஃப். நான் போகலைன்னா மூணு குடும்பத் தலைவருங்க தெருவுல நிப்பாங்க."

"நீங்க போனா ஒரு ஓநாய் நம்ம கூடத்துல நிக்கும்."

அதற்கு அப்பா கண்டுபிடித்த பதில்தான் மேலே சொன்ன சட்டம். கேமே இல்லை, ஆகவே ஓநாயும் இல்லை, ஆகவே சீட்டுக்கும் பங்கமில்லை. அன்று மாலை காப்பிக் கடையில் எல்லோருக்கும் தன் செலவில் தேநீர் சொன்னாராம்.

சனிக்கிழமை முதல் நாயிஃபுக்குக் கணக்கில் தீராத ஆர்வம் வந்துவிட்டது. தினமும் மாலை நோட்டைத் தூக்கிக்கொண்டு அபூ ஹம்தான் வீட்டுக்கு ஓடினான். அபூ ஹம்தான் அப்பாவின் சீட்டு ஜோடி. அவருடைய சின்ன மகன் ஷுக்ரியும் ஒன்பது வயதுக்காரன், அவனிடமும் ஒரு பெட்டி, அதே கேம். அந்த நேரத்தில் அபூ ஹம்தான் காப்பிக் கடையில் இருப்பார், அவர் மனைவி முன்னறையில் தையல் மிஷினில் இருப்பார். பையன்கள் உள்ளறையில் இருப்பார்கள். ஐந்து நாள் கழித்து அம்மா கணக்கு நோட்டைப் பிரித்தாள். அதே பக்கம், அதே கணக்கு, அதே பாதி விடை. ஓநாய் வீடு மாறியிருந்தது. அவ்வளவுதான்.

அம்மா இதை அப்பாவிடம் சொன்னாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, என் வீட்டில் நடக்கவில்லை அல்லவா என்று கேட்டுவிட்டு சட்டைக்குப் பொத்தான் போட்டார்.

அம்மா போனை எடுத்தாள்.

அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா யாரிடம் என்ன பேசுகிறாள் என்று கேட்டுவரச் சொன்னார். எனக்கு வயது பதினைந்து, காது கூர்மை, யார் குரலையும் அப்படியே திருப்பிப் பேசுவேன். போய்க் கேட்டு வந்து, அம்மா குரலிலேயே ஒப்பித்தேன். பேசினது அவளுடைய சித்தப்பா மித்கால் தாத்தாவிடம். "அந்தப் பெட்டி விஷயமாத்தான் சித்தப்பா, நீங்க பெரியவங்களைக் கூட்டிட்டு வரணும்." அப்பா கேட்ட வரைக்கும் நான் உண்மையைத்தான் சொன்னேன். அதற்கப்புறம் அம்மா என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருவது என்றால் ஜாஹா. பெண் கேட்க வருவார்கள், கொலைப் பகை தீர்க்க வருவார்கள். வந்து உட்கார்ந்து, முன்னால் வைத்த காப்பியைத் தொடாமல் கேட்பதைக் கேட்பார்கள். வீட்டுக்காரர் சரி என்று சொன்னால்தான் கோப்பை உதட்டுக்குப் போகும். காப்பி ஆறிப் போய் அவர்கள் எழுந்து போனால், அந்த வீட்டு ஆண் பிள்ளை ஊருக்குள் தலை காட்ட முடியாது. மித்கால் தாத்தா எங்கள் பக்கத்தில் மூன்று கொலைப் பகை தீர்த்தவர். அவர் ஒரு கேம் பெட்டிக்காக வருகிறார்.

அப்பாவுக்கு முதலில் வேர்த்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். பெட்டியைத்தானே கேட்பார்கள், கொடுத்துவிட்டால் போகிறது என்றார் என்னிடம். அதுவும் எப்படி? அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். கேட்டுக் கொடுத்தால் தோற்றவன், கேட்காமல் கொடுத்தால் வள்ளல். பெட்டி வீட்டுக்கு வரும், சீட்டு கடையில் நடக்கும், ஊரெல்லாம் அவர் பெருந்தன்மையைப் பேசும். கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நாலு தடவை ஒத்திகை பார்த்தார். அம்மா சமையலறையில் ஏலக்காய் இடித்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் உயரும்போதெல்லாம் இடிப்பதை நிறுத்திக் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் ஏழு பேர் படியேறி வந்தார்கள். முன்னால் மித்கால் தாத்தா. கடைசி மூன்று பேரைப் பார்த்து அப்பா கொஞ்சம் திடுக்கிட்டார். மூன்று பேரும் சீட்டு மேசைக்காரர்கள். ஆள் குறைகிறது, சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்று அவரவர் மனைவி அனுப்பிவைத்திருக்கிறார்.

நானும் அம்மாவும் சமையலறைக் கதவிடுக்கில். அப்பா நீள மூக்குக் கூஜாவை எடுத்து ஒவ்வொருவருக்காக ஊற்றினார். யாரும் தொடவில்லை. மித்கால் தாத்தா தொண்டையைச் செருமினார். பாறையை உருட்டுகிற குரல் அது. அல்லாஹ்வைப் புகழ்ந்தார், எங்கள் கொள்ளுத்தாத்தாவைப் புகழ்ந்தார், அவருடைய குதிரையைப் புகழ்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, கண்ணாடி போட்டுப் படிக்க ஆரம்பித்தார். "பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய விளையாட்டும்..."

விளையாட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பா எழுந்துவிட்டார். வலது கை நெஞ்சில்.

"மாமா, இதுக்கு மேல நீங்க கேட்டா எனக்குக் கேவலம். நீங்க என்ன கேட்டு வந்தீங்களோ, அது கேக்கறதுக்கு முன்னாடியே உங்களோடது. காப்பியைக் குடிங்க."

தாத்தா காகிதத்துக்கு மேலாக அவரைப் பார்த்தார். நிஜமாகவா என்று ஒரு தடவை கேட்டார். என் மீசை மேல் சத்தியம் என்றார் அப்பா. ஏழு கோப்பையும் ஒரே மூச்சில் காலியானது. அப்பா கம்பீரமாக நடந்து, மேசை மேலிருந்த துணியை உருவினார். பெட்டி. துடைத்துப் பளபளவென்று.

"அழகா இருக்கு," என்றார் தாத்தா. "அது பையனோடது. நாங்க உன்னைக் கேட்டு வந்தோம்."

"என்னையா?"

"உன்னைத்தான். தினமும் ஏழு மணியிலேர்ந்து எட்டு மணி வரைக்கும். பையன் பக்கத்துல." காகிதத்தில் விரல் வைத்து அடுத்த வரிக்குப் போனார். "இதுக்கு ஜாமீன் நிக்கிறவங்க..." சீட்டு மேசைக்காரர்கள் மூவரின் பெயரும் வரிசையாக வந்தன. குடித்தாகிவிட்டது, மறுக்க முடியாது. மூன்று பேரும் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்கள், ஏதாவது மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்பது போல.

கதவிடுக்கில் அம்மா முக்காட்டு நுனியால் வாயைப் பொத்தியிருந்தாள்.

சனிக்கிழமை ஏழு பத்துக்கு அப்பா ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிக் காப்பிக் கடைக்குப் போனார். அபூ ஹம்தான் நாற்காலியைத் தரவில்லை. "நான் உனக்கு ஜாமீன்ப்பா," என்றாராம், அவருடைய மூக்குக் குரலில். "நாலாவது கை இல்லாம நாங்களே சும்மா உட்கார்ந்திருக்கோம். எனக்கு மட்டும் ஆசையா? போ, வீட்டுக்குப் போ." அப்பா ரொட்டிகூட வாங்காமல் திரும்பி வந்தார்.

புது கேமில் பாலம் கட்ட வேண்டும். அப்பா கட்டிய பாலங்கள் எல்லாம் ஆற்றுக்குள் போயின. மூன்றாம் நாள் திரையின் ஓரத்தில் ஓர் எழுத்து வரி வந்தது. எங்கே காணோம், அப்பா தூங்குகிறாரா? ஓநாய்தான். அப்பா அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. இவனை எப்படி நிறுத்துவது என்று நாயிஃபிடம் மெதுவாகக் கேட்டார். நாயிஃப் காட்டிக் கொடுத்தான். அப்பாவே அழுத்தினார். அன்று எட்டு மணி அடித்தது அவர் காதில் விழவில்லை. மறுநாள் பூந்தொட்டிக்கு அடியிலிருந்து சாவியும் இடம் மாறியது.

பிறகு திடீரென்று ஷுக்ரி ஞாபகம் வந்தது அவருக்கு. அந்த வீட்டில் இன்னும் பதினெட்டுதான் ஓடுகிறது, பக்கத்தில் ஆளே இல்லை. அபூ ஹம்தானைச் சும்மா விடக்கூடாது என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை ஏழு பேரைத் திரட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகப் போகிறாராம். தலைமை தானேதானாம். நாற்காலி தராதவன் காப்பிக்கு முன்னால் நெளிவதைப் பார்க்க வேண்டுமாம். அம்மா பெரிய மனதோடு சம்மதித்தாள். அப்பா பேனாவைத் திறந்து, பேச்சை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று விட்டத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்?" அம்மா மசாலா டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். "சித்தப்பா படிச்ச அதே காகிதம்தான். உங்க பேரை அடிச்சிட்டு அவர் பேரைப் போட்டிருக்கேன்."